நேத்து என்ன பாட்டு போட்டாங்க?

என் பெயர் முதன்முதலாக வானொலியில் ஒலித்தபோது எனக்கு மூன்று வயது. 1980-ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பிலிருந்து யாரோ ஓர் அறிவிப்பாளர் என் பெயரை வாசித்து, கூடவே "திருத்தங்கல், இராமநாதபுரம் மாவட்டம்" என்றும் சொன்னாராம். விருதுநகர் தனி மாவட்டமாக இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. நான் எந்தப் பாட்டையும் கேட்டு யாருக்கும் கடிதம் போட்டிருக்கவில்லை. எழுதவே தெரியாது. எழுதியது என் சித்தி.

சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கும் சித்தி பட்டாசு ஆபீஸுக்கும் போவார்கள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டோம், எல்லாமே ஆபீஸ்தான். அச்சுக்கூடம்கூட அச்சாபீஸ். வயசுப்பிள்ளையின் பெயர் ரேடியோவில் வந்தால் தெரு என்ன பேசும் என்று பயந்து, தன் பெயருக்குப் பதிலாக அக்கா மகனின் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

இந்தக் கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுசாகக் கேட்க வைத்தவன் என் தங்கை மகன். போன டிசம்பரில் சென்னையிலிருந்து ஒரு படம் அனுப்பினான். அந்த வருஷம் முழுக்க அவன் எந்தெந்த ஆல்பத்தை எத்தனை நிமிஷம் கேட்டான் என்று அவனுடைய ஆப் போட்டுக் கொடுத்த கணக்கு. கீழே ஒரு வரி: "மாமா, உங்க டாப் அஞ்சு ஆல்பம் சொல்லுங்க. ஏன்னும் சொல்லணும்."

ஐந்து ஆல்பம் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. அந்த 'ஏன்'தான் தொண்டையில் நின்றது. நாம் என்ன பாட்டுக் கேட்கிறோம் என்பதை அடுத்தவருக்குச் சொல்லும் பழக்கத்துக்கு எங்கள் ஊரில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் 'என்ன' என்பதற்குக் கொஞ்சமாவது தடயம் கிடைக்கிறது. 'ஏன்' என்பதற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. அந்த இல்லாத பக்கத்தைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில், திருத்தங்கல்காரி ஒருத்தி ஏன் கடல் தாண்டிக் கொழும்புக்குக் கடிதம் எழுதவேண்டும்? திருச்சியில் 1939-லேயே வானொலி நிலையம் வந்துவிட்டது. 1963-ல் திருநெல்வேலியிலும் வந்தது. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அக்கரை?

இதற்கு டெல்லியில் பதில் இருக்கிறது. 1952-ல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரிய இசையில் ஊறியவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் ஏறக்குறைய காணாமலே போயின. ஆர்மோனியத்துக்கு 1940-லேயே தடை விழுந்திருந்தது, அது 1971 வரை நீடித்தது. எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் ஆர்மோனியம் இல்லாமல் திரையே தூக்கமாட்டார்கள். அந்தப் பெட்டி அரசாங்க வானொலிக்கு ஆகாத பெட்டியாக முப்பது வருஷம் இருந்திருக்கிறது.

டெல்லி கதவைச் சாத்திய அதே நேரத்தில் கொழும்பு கதவைத் திறந்து வைத்திருந்தது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் போர் முடிந்ததும் ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவையைத் தொடங்கினார்கள். விளம்பரம் கொடுக்க ஆள் இருந்தது, கேட்க இந்தியா முழுக்கக் காது இருந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே திருப்பி ஒலிபரப்பினார்கள். சொந்த வீட்டுக் குழம்பைப் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் வாங்கிச் சாப்பிட்ட மாதிரி. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கி டெல்லி இறங்கி வந்தது. ஆனால் ஐந்து வருஷத்தில் பழகிய காது பழகியதுதான்.

தமிழில் அந்தக் காதுகளைப் பிடித்து வைத்தவர்கள் அறிவிப்பாளர்கள். எஸ். பி. மயில்வாகனம் முதல் தலைமுறை. அப்புறம் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். 1967-ல் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாக மாறியது, 1972-ல் நாட்டின் பெயரே மாறியது. எங்கள் தெருவுக்கு அது கடைசி வரைக்கும் 'சிலோன் ரேடியோ'தான். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடினால் மணி பார்க்கவேண்டாம். சித்தி சொல்வாள்: "நம்மூர் ரேடியோக்காரன் பாட்டு போடுறதே நமக்குப் பிச்சை போடுற மாதிரி இருக்கும். சிலோன்காரன் நம்மள விருந்துக்குக் கூப்புடுற மாதிரி பேசுவான்."

*

நிகழ்ச்சிகள் பலவகை. நேயர்கள் கேட்ட பாட்டைப் போடுவது ஒன்று. பிறந்தநாள் வாழ்த்து ஒன்று. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' ஒன்று. எனக்கு இப்போது வியப்பாக இருப்பது 'இசையும் கதையும்'. நேயர் ஒரு கதை எழுதி அனுப்பவேண்டும். கதை போகிற போக்கில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரவேண்டும் என்பதையும் அவரே சொல்லவேண்டும். அறிவிப்பாளர் கதையை வாசிக்க, நடுநடுவே பாட்டு ஓடும். ஒரு பாட்டை ஏன் கேட்கிறேன் என்று சாதாரண ஜனங்கள் விளக்குவதற்கு இதைவிட நல்ல வடிவத்தை நான் பார்த்ததில்லை. காதலில் தோற்றவனும், கல்யாணம் நின்றுபோனவளும், பிரிந்த சிநேகிதனும் கதாபாத்திரங்களாக வேஷம் போட்டு வந்து அழுதுவிட்டுப் போவார்கள். எழுதியவர் சொந்தக் கதை என்று யாரும் சொல்லமுடியாது. எல்லோருக்கும் தெரியவும் செய்யும்.

மற்ற நிகழ்ச்சிகளில் 'ஏன்' கிடையாது. பெயரும் ஊரும் மட்டும்தான். ஒரு பாட்டுக்குப் பத்து, பதினைந்து பெயர்கள் வரிசையாக வரும். இதைச் சொல்லும்போது ஜும்ரி தலையாவைச் சொல்லாமல் இருக்கமுடியாது. இன்றைய ஜார்க்கண்டில் கோடர்மா பக்கம் உள்ள சின்ன ஊர். மைக்கா சுரங்கம்தான் தொழில். இந்தி நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் அந்த ஊர்ப் பெயர் ஓயாமல் ஒலித்ததால், அப்படி ஓர் ஊரே கிடையாது, சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. ஊருக்குள்ளே யார் அதிகமாகக் கடிதம் போடுவது என்று போட்டியே நடந்திருக்கிறது.

மைக்கா ஊரும் தீப்பெட்டி ஊரும் ஒரே சாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-ல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். 1940-களில் பட்டாசும் சேர்ந்துகொண்டது. மூன்றும் சேர்ந்து குட்டி ஜப்பான் ஆனது. திருத்தங்கல் அதிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். இப்போது சிவகாசி மாநகராட்சிக்குள்ளேயே அடங்கிவிட்டது. எங்கள் ஊரில் அடைத்த பெட்டி காஷ்மீரில் அடுப்பு மூட்டியது, எங்கள் ஊரில் சுற்றிய சரம் டெல்லியில் வெடித்தது. பெட்டிமேல் மயில், மான், சாமி, சினிமா நடிகை என எல்லோருக்கும் இடம் இருந்தது. செய்தவர் பெயருக்கு மட்டும் இடமில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் ஒருத்தியின் பெயரை, அது கடன் வாங்கிய பெயராகவே இருக்கட்டும், நல்ல தமிழில் நிறுத்தி நிதானமாக ஒருவர் கடல் தாண்டி உச்சரித்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

*

இனி பட்டாசு ஆபீஸுக்குள் போகலாம்.

அங்கே ரேடியோ கிடையாது. மருந்து புழங்குகிற அறையில் கரண்ட் இணைப்பே கூடாது. ஒரு பொறி போதும், சொல்லவே வேண்டாம். இன்றைக்கு செல்போனும் வெளியே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்பதும் விதி. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு நாளெல்லாம் பாட்டு உண்டு, ஒரு குரோஸ் ஒட்டி முடிக்க எத்தனை பாட்டு ஆகும் என்றுகூடக் கணக்கு வைத்திருப்பார்கள். பட்டாசு அறையில் நாலு பேர், எட்டு கை, அமைதி.

அந்த அமைதியில் என்ன செய்வீர்கள் என்று சித்தியிடம் கேட்டேன்.

"காலைல போனதுமே ஒருத்தி கேப்பா, 'ஏய், நேத்து என்ன பாட்டு போட்டாங்க?'ன்னு. ரேடியோ இருக்கற வீட்டுக்காரி ரெண்டு பேரு இருப்போம். நாங்க வரிசையாச் சொல்லணும். சும்மா பேரு சொன்னா விடமாட்டாளுக. பாடிக் காமிக்கணும். நான் பல்லவி சொல்வேன், இன்னொருத்தி சரணத்துல திருத்துவா. புதுப் படமா இருந்தா கதையும் சொல்லணும். படத்த நானே பாத்திருக்க மாட்டேன், அது வேற. பாட்ட வச்சு ஒரு கதைய நானா உண்டாக்கிச் சொல்லிருவேன். பின்னால ஒருத்தி கொட்டகையில போய்ப் பாத்துட்டு வந்து, 'நீ சொன்ன கதை இதைவிட நல்லா இருந்துச்சு'ன்னா."

இசை ரசிகர்கள் கூடி, தாங்கள் கேட்பதை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்ட இடம் என்று தமிழில் எதையாவது எழுதவேண்டுமானால் மெட்ராஸ் சபாக்களைத்தான் முதலில் எழுதுவார்கள். எனக்கு இந்த நாலு பேர் அறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பாட்டைக் கேட்கவே முடியாத இடத்தில் பாட்டைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார்கள். ஒரு தடவைதான் காதில் விழுந்திருக்கும். திருப்பிப் போட்டுக் கேட்க வசதி இல்லை. அடுத்த நாள் நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறாள் சித்தி.

அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தது பதினோரு வயதில். அந்தக் காலத்தில் விடியும் முன்னே வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990-ல் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கே சிவகாசியை முன்வைத்துத்தான். அந்தப் பிள்ளைகளின் கைகளைப் பற்றி நிறைய அறிக்கைகள் இருக்கின்றன. காதுகளைப் பற்றி ஒன்றும் இல்லை. பாட்டு அவர்களைக் காப்பாற்றியது என்று அழகாக எழுத எனக்கு விருப்பமில்லை. பாட்டு யாரையும் காப்பாற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கவேண்டிய ஞாபகசக்தி அது. போக வேறு இடம் இல்லாததால் பாட்டுக்குள் போயிருக்கிறது.

*

இந்த வட்டாரம் பாட்டை வாயோடு வாயாகக் கொண்டுபோவது அப்போது புதிதும் அல்ல. சிவகாசியில் 1886-ல் பிறந்த விஸ்வநாததாஸ் நாடக மேடையில் முருகனாக வேஷம் கட்டிக்கொண்டு தேசியப் பாட்டுப் பாடுவார். வெள்ளைக்காரனைக் கொக்காக்கி மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை இவர் பாடினால் கொட்டகையே திருப்பிப் பாடும். மேடையிலிருந்து நேராக ஜெயிலுக்குப் போவார், வந்ததும் மறுபடி பாடுவார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் போனது. அவர் பாட்டு ஊர் ஊராகப் போனதற்கு வானொலி காரணமில்லை. கேட்டவன் அடுத்தவனுக்குச் சொன்னான், அவ்வளவுதான்.

*

1983 ஜூலைக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது ஆறு வயது. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த செய்தி வந்தது. தெருவில் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசியதும், கடைகள் அடைத்திருந்ததும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. சித்திக்கு ஞாபகம் இருப்பது வேறு. "அந்த அறிவிப்பாளருங்க எல்லாம் என்ன ஆனாங்களோன்னு இருந்துச்சு. ரேடியோவத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். குரல் வந்தா உசுரோட இருக்காங்கன்னு அர்த்தம்ல."

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது. "அத்தன வருசம் அவுங்களுக்கு லெட்டர் போட்டிருக்கோம். அந்தப் பாட்டு வேணும், இந்தப் பாட்டு வேணும்னு. நீங்க நல்லா இருக்கீகளான்னு ஒரு வரி எழுதல."

1981-ல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தது. அதற்கு முன்பும் கலவரங்கள். அந்தக் குரல்களுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை இதுதான். நமக்கு வந்து சேர்ந்தது பாட்டும், சுத்தமான உச்சரிப்பும், விளம்பரமும் மட்டும். கே. எஸ். ராஜா பின்னாளில் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாட்டில் மூலைக்கு மூலை அவரைப்போலப் பேசிக் காட்டுகிறவர்கள் இருந்தார்கள், கல்யாண வீட்டு மைக்கில்கூட அந்த வேகம் கேட்கும். அவர் செத்தது எப்போது, எப்படி என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ராஜேஸ்வரி சண்முகம் 2012-ல் காலமானார். அப்துல் ஹமீதை மட்டும் 'பாட்டுக்குப் பாட்டு' தொலைக்காட்சிக்கு வந்த பிறகு முகத்தோடு பார்த்தோம். "இவருதானா அவரு!" என்று டிவியைத் தொட்டுப் பார்த்தாள் சித்தி.

*

என் தலைமுறைக்கு ரேடியோ இல்லை, கேசட்.

பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. ஒரு சீட்டில் பாட்டு வரிசையை எழுதி, 60 அல்லது 90 கேசட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தால் ரெண்டு நாளில் பதிந்து கிடைக்கும். 60 என்றால் பக்கத்துக்கு அரை மணி. ஆறு பாட்டு, இழுத்தால் ஏழு. அந்தச் சீட்டு எழுதுவதற்கு நாங்கள் பட்ட பாடு பரீட்சைக்குக்கூடப் பட்டதில்லை. எது முதலில், எதற்குப் பின்னால் எது, சோகப் பாட்டை ஏ பக்கக் கடைசியில் வைத்தால் திருப்பிப் போட மனசு வருமா? கடைக்கார அண்ணாச்சி சீட்டைப் பார்த்ததுமே ஆளை எடை போட்டுவிடுவார். "இது உனக்கா, கொடுக்கவா?" என்று கேட்பார். கொடுக்க என்றால் யாருக்கு என்று கேட்கமாட்டார். ரெண்டு பாட்டை மட்டும் அடித்துவிட்டு, "இது வேண்டாம், தப்பா நெனச்சுக்குவாங்க" என்பார்.

எங்களுக்கு ஆல்பம் என்றால் கல்யாண போட்டோ ஆல்பம். பாட்டுக்குக் கணக்கு 'படம்'தான். "என்ன படம் கேக்குற?" என்று கேட்போம். 1990 வாக்கில் என்று நினைக்கிறேன், எனக்குப் பதிமூன்று வயது. என் கேசட்டின் பி பக்கத்தில் ஒன்றரை நிமிஷம் மிச்சமிருந்தது. "நேரம் கெடக்கு, ஒரு பிட்டு போட்டு விட்டிருக்கேன்" என்றார் அண்ணாச்சி. வீட்டில் போட்டுக் கேட்டேன். ஏழாவது பாட்டு முடிந்து, வயலின்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின. எங்கே போகிறது என்று பிடிபடும் முன்னே நாடா தீர்ந்து டக்கென்று நின்றது.

மறுநாள் கடைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, அது எந்தப் படம்?"

"படமே இல்லடா."

"படம் இல்லாம எப்பிடி அண்ணாச்சி பாட்டு?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. "இளையராஜா சும்மா போட்டது" என்றார். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' அது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது, வயலின் வி. எஸ். நரசிம்மன் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்திருந்தது. இரண்டையும் அண்ணாச்சி முழுசாகப் பதிந்து கொடுத்தார். இந்த இசைக்குக் கதை கிடையாது, கதாநாயகன் கிடையாது, காட்சி கிடையாது. சிநேகிதர்களிடம் போட்டுக் காட்டினால் "என்னடா இது, படம் போடறதுக்கு முன்னாடி வர்ற மியூசிக் மாதிரி" என்றார்கள். ஏன் பிடிக்கிறது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. 'அந்த இடம் வருது பாரு, அந்த இடம்' என்று விரலைத் தூக்குவேன். இன்றைக்கும் அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணாச்சி செய்தது சட்டப்படி குற்றம். 1984-லேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியிருந்தார்கள். அனுமதியில்லாமல் பதிந்து விற்றால் ஜெயில்வரை போகலாம். இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் அந்தச் சீட்டிலிருந்து ஒரு காசு போகவில்லை என்பதும் உண்மைதான். அதை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனால் அந்தக் கடையை நினைக்கும்போதெல்லாம் எங்கள் ஊரைப் பற்றிச் சிலப்பதிகாரத்தில் வரும் கதைதான் ஞாபகம் வருகிறது.

கட்டுரை காதையில் வருகிறது. பராசரன் என்கிற சோழநாட்டு அந்தணன் சேரனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் தங்காலில், அதாவது எங்கள் திருத்தங்கலில், அரசமரத்து மன்றத்தில் இளைப்பாறுகிறான். விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களைக் கூப்பிட்டு, என்னோடு ஒத்து ஓதுகிறவன் இந்தப் பரிசை எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். வார்த்திகன் என்பவரின் மகன், மழலை மாறாத வாயால், பிசகில்லாமல் ஓதிவிடுகிறான். பராசரன் மகிழ்ந்து நகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். திடீரென்று அந்த வீட்டில் பொன் வந்ததைப் பார்த்த அரசு ஊழியர்கள் திருட்டு என்று வார்த்திகனைச் சிறையில் போடுகிறார்கள். ஐயை கோயில் கதவு அடைத்துக்கொள்கிறது. பாண்டியன் விசாரித்து, தவறை உணர்ந்து, விடுதலை செய்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுக்கிறான்.

காதால் வாங்கிய பொருள், பார்ப்பவர் கண்ணுக்குத் திருட்டாகத் தெரிந்த கதை இது. அண்ணாச்சி வார்த்திகன் அல்ல, எனக்கும் தெரியும். ஆனால் சிம்பொனி, பாக் என்ற சொற்கள் புழங்காத ஒரு பட்டாசு ஊரில், ஒன்றரை நிமிஷ மிச்ச நாடாவில் ஒரு பையனுக்கு அந்த இசையைக் கொடுக்க வேறு எந்த வழியும் அன்று இருக்கவில்லை. 1990-களின் கடைசியில் எம்பி3 சிடி வந்தது. ஒரே சிடியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள். எதை விடுவது என்ற கேள்வியே போனது. அண்ணாச்சி ஷட்டரை இறக்கிவிட்டு வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

*

மறுபடி 1980.

சித்தியின் தகரப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. கொழும்புக்கு அனுப்பும் முன் கடிதத்தை அதில் ஒருமுறை எழுதிப் பார்ப்பாளாம். எழுத்துப்பிழை இருந்தால் அறிவிப்பாளர் சிரிப்பார் என்று பயம். என் பெயரில் போட்ட கடிதத்தின் நகல் அதில் இருக்கிறது. 'உதிரிப்பூக்கள்' படத்தில் எஸ். ஜானகி பாடிய, தாய் பிள்ளைகளைப் பார்த்துப் பாடும் பாட்டைக் கேட்டிருக்கிறாள். மகேந்திரன் 1979-ல் எடுத்த படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'தான் அதற்குத் தூண்டுதல் என்பது சித்திக்குத் தெரியாது. நான் சொன்னதும் சிரித்தாள்.

பாட்டின் பெயருக்குக் கீழே ரெண்டு வரி எழுதி அடித்திருக்கிறாள். அனுப்பிய கடிதத்தில் அது இருந்திருக்காது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்: 'இவன் முழிச்சிருக்கும்போது இவன் அம்மா இவனைப் பார்த்து நாளாகிறது. இவன் பெயரையாவது கேட்கட்டும்.'

அம்மா நான் எழும் முன்னே கிளம்பிவிடுவாள், நான் தூங்கிய பிறகு வருவாள். ஞாயிறு ஒருநாள்தான். அந்த ஞாயிறு என் பெயர் வந்தபோது அம்மா ரேடியோ பக்கத்திலேயே படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். சித்தி எழுப்பவில்லை. "தூங்கட்டும்னு விட்டுட்டேன். ஆறு நாள் தூக்கம்ல அது."

அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

"யார் சொன்னா தூங்குனேன்னு? கண்ண மூடிக் கெடந்தேன். உன் பேரு வந்துச்சே. ஊர்ப் பேரும் சொன்னான்."

"பாட்டு என்னம்மா?"

"அதுவா, அந்தச் சாப்பாட்டுப் பாட்டு. 'முள்ளும் மலரும்'ல வருமே, வாணி ஜெயராம் பாடுனது. அதான் போட்டான்."

"சித்தி 'உதிரிப்பூக்கள்'ல கேட்டிருக்கா. நோட்டுல இருக்கு."

"அவ கேட்டது எனக்குத் தெரியாது. அவன் போட்டது அது. பழைய சோத்தத் தூக்கிட்டுப் போறவளுக்கு நல்ல பாட்டாத்தான் போட்டிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

யார் சொல்வது சரி? நோட்டில் இருப்பது கேட்ட பாட்டு. ஒலித்த பாட்டு எது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ரெண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்து அம்மா குழப்பியிருக்கலாம். அறிவிப்பாளரிடம் கேட்ட இசைத்தட்டு கைக்கெட்டாமல் வேறொன்றைப் போட்டிருக்கலாம். சித்தி தான் கேட்டதையே கேட்டதாக நம்பிக்கொண்டிருக்கலாம். நாற்பத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருத்தி எழுப்பவில்லை, இன்னொருத்தி தூங்கவில்லை.

தங்கை மகனுக்கு ஆல்பப் பட்டியல் அனுப்பவில்லை. அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன், அடித்த வரிகளோடு. அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம், "மாமா, ரெண்டு பாட்டையும் லிஸ்ட்ல சேத்துட்டேன். ஆச்சிக்கும் சின்னாச்சிக்கும் அனுப்புறேன்" என்று எழுதியிருந்தான்.

சித்தி இப்போது வேலைக்குப் போவதில்லை. போனில் பாட்டுக் கேட்கிறாள். நேற்றுக் காலை அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தி உள்ளே இருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"ஏட்டி, நேத்து என்ன பாட்டு கேட்ட?"